முழமும் இரண்டு விரற்கடையும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் தமக்கை மகன் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் குச்சியை எடுத்து, நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் வைத்தான். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், மேலே ரப்பர் உறை. அடிப்பக்கம் மட்டும் திருகிப் போட்ட கோழிக் கழுத்தைப் போல் துவண்டு கிடந்தது.

"போயிடுச்சு, மாமா" என்றான்.

சாவுச் செய்தி சொல்கிற குரலில் அவன் அதைச் சொன்னதால், என் மனைவி கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். விஷயம் இன்னதென்று தெரிந்ததும், "இதுக்கா இவ்வளவு!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் என் எண்ணம் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் நூறு வருஷத்துச் சரித்திரமும் கொஞ்சம் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பையன் (பையன் என்கிறேனே தவிர, அவனுக்கு நாற்பது வயதாகிறது) கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் இரும்பு ஆலையில் மின்சாரப் பகுதி மேற்பார்வையாளன். தொழில் அது. ஆனால் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அவன் ஒரு 'ஹாம்'. அதாவது, சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, சொந்தமாக வானொலியில் பேசவும் கேட்கவும் உரிமை பெற்றவன். இதில் காசு சம்பாதிக்கக் கூடாது; வியாபாரம் பேசக் கூடாது. பிறகு எதற்காகப் பேசுகிறார்கள் என்று கேட்டால், பேச முடிகிறதா என்று பார்ப்பதற்காகவே பேசுகிறார்கள். கதை எழுதுகிறவனாகிய எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அவன் இடுப்பில் செருகிக்கொள்ளும் கையடக்கச் செட்டின் ஏரியல்தான் என் மேஜையில் கிடந்தது. ஆலையிலிருந்து திரும்பும்போது ரயிலில் கூட்டம். வாசற்படிக் கம்பத்துக்கும் ஒரு பெரியவரின் தகரப் பெட்டிக்கும் நடுவே அகப்பட்டு முறிந்துவிட்டதாம்.

"ரிச்சி தெருவுக்குப் போய் வேற ஒண்ணு வாங்கணும். நீங்களும் வர்றீங்களா?"

எழுதி முடிக்க வேண்டிய அத்தியாயம் ஒன்று இருந்தது. ஆகவே உடனே கிளம்பிவிட்டேன்.

பஸ் எழும்பூரைத் தாண்டும்போது, "இங்கேதான் மாமா எல்லாம் ஆரம்பிச்சது" என்றான். அவன் சொன்ன பிறகு எனக்கும் நினைவு வந்தது. எழும்பூர் ஹாலோவேஸ் தோட்டத்தில் 1924-ல் ஒரு காரியம் நடந்தது. ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற மின்சார என்ஜினீயர், அவ்வருஷம் மே மாதம் 16-ந் தேதி 'மெட்ராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். சீமையிலிருந்து தருவித்த உறுப்புகளை இணைத்து, 40 வாட் சக்தியுள்ள ஒலிபரப்பியை அமைத்தார்கள். ஜூலை 31-ந் தேதி அது பாட ஆரம்பித்துவிட்டது. 40 வாட் என்றால் நம் வீட்டுக் கூடத்தில் முன்பு எரிந்துகொண்டிருந்த ஒரு குண்டு பல்பின் சக்தி! இந்தியாவில் ஒழுங்காக ஒலிபரப்பு நடத்திய முதல் ரேடியோ சங்கங்களில் அது முன்னால் நிற்கிறது. பம்பாய், கல்கத்தாக் கம்பெனி நிலையங்கள் வந்ததெல்லாம் மூன்று வருஷம் கழித்து, 1927-ல்.

நல்ல காரியங்களுக்கு நேருவதே இதற்கும் நேர்ந்தது. பணம் இல்லை. 1927 அக்டோபரில் சங்கம் மூடப்பட்டது. ஒலிபரப்பி சென்னை நகரசபையின் கைக்குப் போயிற்று. நகரசபை 1930 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒலிபரப்பு நடத்தியது. (முட்டாள்கள் தினத்தன்று தொடங்கிய காரியம் எட்டு வருஷம் நன்றாகவே நடந்தது என்பதைச் சோதிடம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.) 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் பிறந்தபோது அந்தப் பொறுப்பு அதனிடம் போய்ச் சேர்ந்தது. இன்று வானொலி என்றால் பெரிய கட்டடமும் சர்க்கார் இலாகாவும் நினைவுக்கு வருகின்றன. அதற்கெல்லாம் முன்னால் இருந்தது, ஒரு தோட்டமும் சில ஆசைக்காரர்களும் உயரக் கட்டிய ஒரு கம்பியும்தான்.

கம்பி என்றதும் எனக்கு எங்கள் ஊர் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வருகிறது. இரண்டு மூங்கில்களை நட்டு, நடுவே செப்புக் கம்பி இழுத்து, அதன் ஒரு முனையை ஜன்னல் வழியாக ரேடியோப் பெட்டிக்குக் கொண்டு வந்திருப்பார்கள். காக்கை உட்கார்ந்தால் இலங்கை வானொலி கரகரக்கும் என்று அப்பா கல்லெறிவார். காக்கைக்கும் இலங்கைக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் கம்பி ஏன் அத்தனை நீளமாக இருந்தது, என் மருமான் கொண்டு வந்த குச்சி ஏன் இத்தனை குட்டையாக இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. கேட்டேன்.

"நாகஸ்வரம் மாதிரிதான், மாமா" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் திமிரி என்று குட்டையான நாயனம் இருந்தது. சுருதி உச்சத்தில் நிற்கும். பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நீளமான பாரி நாயனம் வந்தது. சுருதி கீழே இறங்கி, நாதம் கனத்தது. குழலின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவு கம்பியின் நீளத்துக்கும் வானொலி அலைக்கும் உண்டு. சென்னை நிலையத்தின் பழைய மத்திய அலைகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். ஹாம்கள் கைச் செட்டில் பேசும் அலை, 145 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும், மனக்கணக்கிலேயே போடலாம். அந்த அலையில் கால் பங்கு நீளத்துக்கு ஒரு கம்பி நின்றால் அது சுருதி சேர்ந்து ஒலிக்கும். கால் பங்கு என்றால் ஏறக்குறைய அரை மீட்டர்.

இந்த நீளத்தின் சரித்திரமே தனி ருசியுள்ளது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கம்பியில்லாமல் மணியடித்துக் காட்டினாரே, அவர் ஆராய்ந்த அலைகளில் சில 5 மில்லி மீட்டர் அளவே உள்ளவை. அவற்றுக்கு ஏரியல் உள்ளங்கைக்குள் அடங்கும் கொம்பு. மார்க்கோனியோ இதற்கு நேர் விரோதம். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வரும் சமிக்ஞையைப் பிடிக்க, நியூபவுண்ட்லாந்தின் மலை மேல் காற்றாடி விட்டு, அதிலிருந்து 150 மீட்டர் கம்பியைத் தொங்கவிட்டார். காற்றில் காற்றாடி தாறுமாறாக ஆடியது. அப்படியும் மூன்று புள்ளிகள் காதில் விழுந்ததாக அவர் சொன்னார். அது நடந்தது 1901 டிசம்பர் 12-ந் தேதி. இந்தத் தேதியை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் வரப் போகிறது.

அரை மீட்டர் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு பிழைப்பு நடத்த முடியுமா? வாசற்படியில் இடிக்கும், பக்கத்திலிருப்பவர் கண்ணைக் குத்தும். ஆகவே 1958-வாக்கில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஜான்சன் என்ற இளைஞர் கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டி, மேலே ரப்பர் போர்த்திவிட்டார். அதற்கு 'ரப்பர் வாத்து' என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஜனாதிபதி கென்னடியின் சிறு பெண், காவல்காரரின் செட்டைப் பார்த்து, தன் குளியல் தொட்டிப் பொம்மையின் பெயரைச் சொன்னாளாம். கதை நிஜமோ பொய்யோ, குழந்தை சொன்ன பெயரென்றால் யாரும் மறுப்பதில்லை.

வாத்து சௌகரியமானது. வளைந்தாலும் நிமிரும். ஆனால் சுருட்டிய கம்பி சுருட்டிய கம்பிதான். செட்டு கொடுக்கிற சக்தியில் நல்ல பங்கு வானத்துக்குப் போகாமல் வீணாகிவிடுகிறது. கேட்பதற்கு அது போதும்; பேசுவதற்குத்தான் போதாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இதற்கு நேர்மாறாக இருப்பார்கள்.

ரிச்சி தெருவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மௌண்ட் ரோடிலிருந்து திரும்பினால் வருகிற அந்தச் சந்தில் பிளாஸ்டிக்கும் ஈயமும் சேர்ந்து உருகுகிற வாசனை அடிக்கும். உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் மூன்று தினுசு ஏரியல்களை எங்கள் முன் பரப்பினார்கள். ஒன்று, முறிந்து போனதன் உடன்பிறப்பான குட்டை ரப்பர். இரண்டாவது, ஈர்க்குச்சி போல் மெலிந்து வளைந்தாடும் முழ நீளச் சாட்டை. மூன்றாவது, பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி இழுத்தால் நீளும் வெள்ளிக் கம்பி.

கடைக்காரர் மூன்றையும் ஒரே உற்சாகத்துடன் புகழ்ந்தார். சாட்டையின் மேல் புகழ் பெற்ற ஒரு பெயர் அச்சடித்திருந்தது. மருமான் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எழுத்து கையோடு வந்துவிட்டது.

"பேர்ல என்ன சார் இருக்கு? சிக்னல்தானே முக்கியம்!" என்றார் கடைக்காரர். தத்துவமாகப் பார்த்தால் சரிதான். நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

அங்கே வேறு தகராறு. ஏரியலின் அடியில் திருகு ஆண், பெண் என்று இரு ஜாதி. செட்டிலும் அப்படியே. ஜப்பான் செட்டுகள் பலவற்றுக்கு ஒரு மாதிரி. சீனாவிலிருந்து வரும் மலிவு விலைச் செட்டுகளுக்கு நேர்மாறு. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். பலாத்காரமாகத் திருகினால் நடு ஊசி கெட்டுவிடும். ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருகு பார்க்காமல் ஏரியல் வாங்கியவர்கள் அவர்களை விட அதிகமாக அவஸ்தைப்பட்டிருக்கிறார்களாம்.

மருமான் தன் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தான். ஏரியலை அதில் திருகினால், 145-க்குச் சுருதி சேருகிறதா, சேராமல் சக்தியைச் செட்டுக்கே திருப்பி அடிக்கிறதா என்று கோடு போட்டுக் காட்டுகிறது. ஐந்து சாட்டைகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தும் ஐந்து சுருதியில் இருந்தன. நான்காவது நன்றாக இருந்தது. இழுக்கும் கம்பிதான் நீளத்தில் எல்லாவற்றையும் விடச் சரியானது. ஆனால், "இது மாடியிலே நின்னு பேசத்தான் ஆகும். இடுப்பிலே வெச்சா, பாரம் முழுக்கச் செட்டோட கழுத்திலே இறங்கும். இன்னைக்கு ஏரியல் முறிஞ்சுது; நாளைக்குச் செட்டே முறியும்" என்றான்.

நான்காவது சாட்டையை வாங்கினோம். பணம் நான் கொடுத்தேன். அவன் தடுக்கவில்லை, மாமன் சீர் என்று நினைத்திருப்பான்.

"இப்படியே பொன்னேரிக்கு வந்துடுங்க மாமா. சாரைப் பாத்துட்டு, பழவேற்காட்டுக்குப் போய்ச் சோதிச்சுப் பாத்துடலாம்" என்றான். அத்தியாயம் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிவிட்டோம்.

கொருக்குப்பேட்டையைத் தாண்டியதும் எண்ணெய்த் தொட்டிகள் தெரிந்தன. சென்னையில் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தால் எம்டனை நினைக்காமல் இருக்க முடியாது. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போயிற்று. நம் பாஷைக்கு ஒரு புதிய வார்த்தையும் கொடுத்துவிட்டுப் போயிற்று. அந்த எம்டனின் முடிவுக்கும் ஓர் ஏரியல்தான் காரணம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நவம்பர் 9-ந் தேதி, இந்து மகாசமுத்திரத்தில் கோக்கோஸ் தீவுகளில் ஒன்றான டைரக்ஷன் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டனின் ஆட்கள் இறங்கினார்கள். கம்பியில்லாத் தந்தியின் உயர்ந்த கம்பத்தை வெடி வைத்துச் சாய்த்தார்கள். டென்னிஸ் மைதானத்தின் மேல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்து வெள்ளைக்காரர்கள் வேண்டிக்கொண்டதாகவும், ஜெர்மானியர் அவ்வாறே செய்ததாகவும் சொல்வார்கள். யுத்தத்திலும் மரியாதை இருந்த காலம். ஆனால் அவர்கள் கரை இறங்குவதற்குள்ளேயே, துறையில் அந்நியக் கப்பல் நிற்கிறது என்ற செய்தி அந்தக் கம்பத்திலிருந்து போய்விட்டது. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதைக் கேட்டு வந்து சேர்ந்தது. அன்றோடு எம்டன் கதை முடிந்தது.

சர்க்கார்கள் ஏரியலைக் கண்டு பயப்படுவதற்கு இதெல்லாம் காரணம். 1939-ல் இரண்டாவது யுத்தம் மூண்டதும், இந்தியாவில் இருந்த ஹாம்களெல்லாம் தங்கள் ஒலிபரப்பிகளைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அப்படியும் 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். பிடிபடாமல் இருக்க வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12-ந் தேதி பிடிபட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும், நல்ல செட்டு வேண்டுமென்றால் இறக்குமதி வரி கழுத்தைப் பிடித்தது. 1984-ல் வரியை நீக்கிய பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வழி ஏற்பட்டது. ராஜீவ் காந்தியே ஒரு ஹாம்தான்.

மீஞ்சூர் தாண்டியபோது நான் கேட்டேன்: "எல்லாம் சரி. ஒரு குச்சி முறிஞ்சதுக்கு நீ ஏன் காலையிலே அப்படி முகத்தை வெச்சுக்கிட்டே?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

2016 டிசம்பர் 12-ந் தேதி. (மார்க்கோனியின் தேதி.) முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று பிற்பகல் வர்தா புயல் சென்னை அருகே கரை ஏறியது. மரங்களும் மின்சாரக் கம்பங்களும் எத்தனை விழுந்தன என்பதை அன்று ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கைபேசிகள் ஊமையாகிவிட்டன. கும்மிடிப்பூண்டியில் இவன் ஆலைக் கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று பெயர்ந்து பறந்து வந்து, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞனின் தொடையைக் கிழித்துவிட்டது. வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். இரத்தம் நிற்கவில்லை. ஆலை வண்டியை எடுக்கலாமென்றால் வாசலிலேயே ஒரு பெரிய மரம் குறுக்கே கிடக்கிறது. 108-க்குச் சொல்ல டெலிபோன் இல்லை.

இவனிடம் செட்டு இருந்தது. பொன்னேரியில் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இவனுக்கு ஹாம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் வீட்டு மாடியில் நல்ல ஏரியல். கார் பாட்டரியில் 50 வாட்டில் பேசக்கூடிய செட்டு. புயல் நாளானதால் அவர் காலையிலிருந்தே யாராவது உதவிக்கு அழைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் பேசறது எனக்குக் கணீர்னு கேக்குது மாமா. 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்பிடறார். நான் கத்தறேன். அவருக்குக் கேக்கலை. கேக்கலைன்னு எனக்குத் தெரியுது. ஏன்னா, நான் பேசி முடிச்சதும் அவர் மறுபடியும் 'யாராவது இருக்கீங்களா'ங்கிறார்."

நான் நாவல்களில் பல துக்கங்களை எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதில்லை.

கொட்டகை முழுவதும் இரும்புத் தகடு, அலையை விழுங்கிவிடும். வெளியே ஓடி வந்தான். அப்போதும் போய்ச் சேரவில்லை. 5 வாட், அதிலும் ரப்பர் வாத்து தின்றது போக மிச்சம். உயரம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஏரியல் என்று ஆசிரியர் சொல்வாராம். தரையில் நிற்கிறவனுக்கு வானொலியின் தொடுவானம் சுமார் 5 கிலோ மீட்டர். 25 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றால் 20 கிலோ மீட்டர். ஆனால் அந்தக் காற்றில் தொட்டி மேல் ஏறுவது தற்கொலை. ஆபீஸ் கட்டடத்தின் மாடிப்படி முகப்பு வரைதான் போக முடிந்தது.

அப்போது ஆசிரியர் வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தது. கைச் செட்டின் ஏரியல் பாதி ஏரியல்தான். மறு பாதி, செட்டின் உடம்பும் அதைப் பிடித்திருக்கும் மனிதனும். மனிதன் அவ்வளவு நல்ல கடத்தி அல்ல. ஆகவே மறு பாதிக்கும் ஒரு கம்பியைக் கட்டித் தொங்கவிட்டால் சக்தி வெளியே போகும். வெளிநாட்டு ஹாம்கள் இதைப் 'புலிவால்' என்கிறார்கள். நம் ஊர்ப் புலிவால் பிடித்தால் விட முடியாதது. இது விட்டால் பேச முடியாதது. நீளம் எவ்வளவு? அளவுகோல் இல்லாத மாணவர்களுக்காக ஆசிரியர் ஒரு கணக்குச் சொல்லி வைத்திருந்தார்: "பூக்காரியின் முழம் அல்ல, நேர்மையான முழம். அதற்கு மேல் இரண்டு விரற்கடை."

மின்சாரப் பகுதி மேற்பார்வையாளனுக்குக் கம்பிக்கா பஞ்சம்? கருவிப் பையிலிருந்த கம்பியில் முழம் போட்டு, இரண்டு விரற்கடை விட்டுக் கடித்தே அறுத்தான். முனையைச் சுரண்டி, ஏரியலின் அடித் திருகில் சுற்றித் தொங்கவிட்டான். செட்டை நிமிர்த்திப் பிடித்துப் பேசினான்.

"இரண்டாவது தடவை கூப்பிட்டதும் சார் என் பேரைச் சொன்னார், மாமா."

ஆசிரியருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். வண்டி கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு வழியாக, அங்கங்கே கிளை வெட்டி வழி செய்துகொண்டு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தொடையை எப்படி இறுக்கிக் கட்டுவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து, ஆசிரியர் வானொலியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இளைஞன் பிழைத்தான். நொண்டி நொண்டி நடந்தான். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போய்விட்டான்.

"அன்னைக்கு இருந்த ஏரியல்தான் மாமா நேத்து ரயில்ல முறிஞ்சது" என்றான்.

பொன்னேரி வந்துவிட்டது.

ஆசிரியர் வீட்டில் காப்பி சாப்பிட்டோம். புதுச் சாட்டையை அவர் வாங்கி, முறுக்கு வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பது போல வளைத்துப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய புகழ்ச்சி என்று மருமான் பிறகு சொன்னான். அவர் மாடியில் உட்கார்ந்து கேட்பது. நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து பேசுவது என்று ஏற்பாடு. பஸ்ஸில் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர்.

பழவேற்காட்டில் இறங்கும்போது வெயில் தணிந்துவிட்டது. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள்; கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 2005 மே 5-ந் தேதி காலை இந்தக் கரையில் நின்று ஒரு ராக்கெட் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். மருமான்தான் இழுத்துக்கொண்டு வந்தான். பி.எஸ்.எல்.வி.-சி6 என்ற அந்த ராக்கெட் கார்ட்டோஸாட்டோடு 42.5 கிலோ எடையுள்ள ஒரு குட்டிப் பெட்டியையும் கொண்டு போயிற்று. அதன் பெயர் ஹாம்ஸாட். ஹாம்களுக்கென்றே இந்தியா அனுப்பிய துணைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால் வாங்கி, 145-ல் திருப்பிக் கொடுக்கும். அதில் இருந்த இரண்டு கருவிகளில் ஒன்று நம்மவர்கள் செய்தது. மற்றொன்று ஒரு டச்சு மாணவர் செய்தது. நானூறு வருஷம் கழித்து ஒரு டச்சுக்காரர் மறுபடியும் பழவேற்காடு வழியாகப் போனார் என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை மிளகுக்காக அல்ல, துணிக்காகவும் அல்ல. ஒன்பது வருஷம் உழைத்துவிட்டு, 2014 ஜூலையில் பாட்டரி கெட்டு அது மௌனமாயிற்று.

அந்த ராக்கெட்டைப் பார்த்தபோது கரை மக்களின் முகத்தில் இன்னும் சுனாமியின் களை இருந்தது. 2004 டிசம்பர் 26-க்கு அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேரைக் கடல் கொண்டு போன நாள் அது. அன்று அந்தமானில் போர்ட் பிளேரில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் தற்செயலாக ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தீவுகளில் பல வருஷங்களாக அனுமதியில்லாமல் இருந்து, மிகுந்த பிரயாசைக்குப் பிறகு கிடைத்த அனுமதி. அந்த மாதம் 3-ந் தேதி முதல் உலகத்தின் நாலா பக்கத்து ஹாம்களோடும் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், 26-ந் தேதி டெலிபோன்கள் செத்தவுடன் விளையாட்டை நிறுத்திவிட்டு, தீவிலிருந்து நாட்டுக்குச் செய்தி கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரிக்காக எத்தனை வீடுகள் காத்திருந்தன! போர்ட் பிளேரில் உயரத்தில் கட்டியிருந்த ஏரியல்களின் வழியாக அந்த வரிகள் வந்தன.

கரையில் படகுகள் நிழலில் சாய்ந்து கிடந்தன. மருமான் முதலில் வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய குட்டை ரப்பர் ஒன்றைத் திருகிப் பேசினான். ஆசிரியரின் குரல் வந்தது. "ஏதோ இரைகிறது, நீயா?" என்றார். பிறகு புதுச் சாட்டை. "வார்த்தை புரிகிறது. மணல் வாரிக் கொட்டுகிற சத்தம் இருக்கிறது" என்றார். செட்டைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சாய்த்ததும் குரல் இறங்கிவிட்டதாம். அவருடைய ஏரியல் செங்குத்து. இதுவும் செங்குத்தாக நின்றால்தான் ஒத்துப்போகும். வாய்க்கு நேராகச் செட்டைப் படுக்கவைத்துப் பேசும் சினிமாப் போலீஸ்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மருமான் கைப்பையின் உள் அறையைத் திறந்து, பாலிதீன் உறையில் சுருட்டி வைத்திருந்த ஒரு கம்பியை எடுத்தான். சிவப்புப் பிளாஸ்டிக் போர்த்தியது. ஒரு முனையில் பல் பட்ட தழும்பு இருந்தது. அதைச் சாட்டையின் அடியில் சுற்றித் தொங்கவிட்டான்.

"இப்போ எப்படி இருக்கு சார்?"

"மணல் போய்விட்டது" என்றது பெட்டி. பிறகு, "பக்கத்தில் படகு மோட்டார் ஓடுகிறதா?" என்று கேட்டது. ஓடிக்கொண்டிருந்தது.

என்னையும் ஒரு வார்த்தை பேசச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்தினார். நாற்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் குமிழை அழுத்தியதும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "காப்பி நன்றாக இருந்தது" என்றேன்.

இருட்டும் நேரத்தில் பொன்னேரியில் வண்டி ஏறினோம். இரவு என் வீட்டிலேயே தங்கிப் போவதாகச் சொன்னான். கம்பியைச் சுருட்டி உறையில் போட்டு, பழைய இடத்தில் வைத்துவிட்டான். புது ஏரியலுக்கு உறை வாங்க மறந்துவிட்டோம். அதைக் கழற்றி நிமிர்த்தியபடியே கையில் பிடித்துக்கொண்டு, வாசற்படிப் பக்கமே போகாமல், பெட்டியின் நட்டநடுவில் நின்றுகொண்டு வந்தான்.